அடிபட்ட தாய்க்கழுதை, தனியா நின்ன குட்டி, ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஒப்பந்தம்: நிகழ்வு ஆய்வு

தென் கலிஃபோர்னியால காட்டுக்கழுதைங்களைக் காப்பாத்திப் பராமரிக்கற ஒரு தொண்டு அமைப்புல நான் வாலண்டியர். ட்ரெய்லர் ஏற்பாடு, ராத்திரி போன், கவுண்டியோட (நம்ம ஊர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) நடக்கற பேப்பர் வேலை இது மூணும் என் பொறுப்பு. ஒரு கோடைக்காலத்துல நடந்த ஒரு கேஸை ஆரம்பத்துல இருந்து எழுதறேன், ஏன்னா அந்தக் கேஸுக்கப்புறம் தான் கவுண்டியோட நாங்க போட்டிருக்கற ஒப்பந்தத்துல ஒரு வரி மாறிச்சு, அந்த ஒரு வரி இல்லாம எத்தனையோ குட்டிங்க போயிருக்கும்னு நான் நெனைக்கறேன். ஆளுங்க பேரு, அமைப்பு பேரு, எந்தக் கணவாய் ரோடுங்கறது எதுவும் சொல்லப் போறதில்ல.

பின்னணி

லாஸ் ஏஞ்சலஸ்க்கு கிழக்க ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ ரெண்டு கவுண்டியும் சேர்ற எடத்துல காஞ்ச மலைங்க இருக்கு, மொரீனோ வேலி, ரெச்சி கேன்யன் பக்கமெல்லாம் கழுதைங்க கூட்டம் கூட்டமா திரியறதை அந்தப் பக்கம் கார் ஓட்டின யாரும் பாத்திருப்பீங்க. இங்க இதுங்களை பர்ரோன்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல கழுதைன்னா யாரோ ஒருத்தரோடதா தான் இருக்கும், இதுங்களுக்கு சொந்தக்காரங்களே கிடையாது. ஸ்பெயின்காரங்க கூட இந்தக் கண்டத்துக்கு வந்த இனம், 1800கள்ல தங்கமும் வெள்ளியும் தேடி மலை மலையா அலைஞ்சவங்களுக்கு மூட்டை சுமந்துச்சு, வேலை முடிஞ்சதும் அவுத்து விட்டுட்டாங்க, பாலைவனம் இதுங்களுக்கு ஒத்துப்போனதால மேற்கு மாநிலங்கள்ல அங்கங்க பெருகிடிச்சு.

சட்டம் கொஞ்சம் குழப்பம். 1971ல வந்த ஃபெடரல் சட்டம் காட்டுக்குதிரையையும் காட்டுக்கழுதையையும் பாதுகாக்குது, ஆனா அது பிஎல்எம்னு சொல்ற நில மேலாண்மைத் துறையோட நிலத்துக்கும் வனத்துறை நிலத்துக்கும் மட்டும் தான். எங்க மலைங்க பெரும்பாலும் தனியார் நிலமும் கவுண்டி நிலமும், அதனால ஃபெடரல் ஆளுங்க இந்தப் பக்கம் வர மாட்டாங்க. இங்க பேசறது மாநில சட்டம். அதுபடி காட்டுக்கழுதையைக் கொல்லக் கூடாது, காயப்படுத்தக் கூடாது, பிடிக்கக் கூடாது, வீட்டுல வெச்சிருக்கவும் கூடாது. நல்ல சட்டம் தான். ஆனா நல்லது பண்றேன்னு ஒருத்தர் போய் ஒரு கழுதையை வண்டில ஏத்தினாலும் அது குற்றம், அதனால எதைத் தொடணும்னாலும் கவுண்டி அனிமல் கண்ட்ரோல் ஆஃபீசர் ஒருத்தர் முன்னாடி நிக்கணும், அவர் எடுத்து எங்க கையில குடுக்கணும்.

அரசாங்கத்தால தனியா முடியாது, தொண்டு அமைப்பாலயும் தனியா முடியாதுங்கறது இந்த நாட்டுல பழைய பாடம். கிராண்ட் கேன்யன்ல கழுதைங்களை சுட்டுத் தள்ளப் போறோம்னு பூங்காத் துறை முடிவு பண்ணப்ப, ஃபண்ட் ஃபார் அனிமல்ஸ் அமைப்பு உள்ள வந்து 1979ல இருந்து 1981க்குள்ள 577 கழுதைங்களை ஹெலிகாப்டர்ல வலை கட்டித் தூக்கி வெளிய கொண்டு வந்துச்சு. 2018ல டெத் வேலி தேசியப் பூங்கா, பீஸ்ஃபுல் வேலி டாங்கி ரெஸ்க்யூங்கற அமைப்போட ஒப்பந்தம் போட்டுச்சு, வரிப்பணம் செலவில்லாம உயிரோட பிடிச்சு வேற வீடு தேடிக் குடுக்கணும்னு. எங்களுது அந்த அளவுக்கெல்லாம் இல்ல. ஆனா அடிப்படை ஒண்ணு தான்: அதிகாரம் அவங்க கிட்ட, ட்ரெய்லரும் நிலமும் வைக்கோலும் டாக்டர் பில்லும் எங்க கிட்ட.

எங்க ஒப்பந்தத்துல அப்ப மூணு வகை கழுதைங்க மட்டும் தான் இருந்துச்சு. காயம்பட்டது, தாய் இல்லாத குட்டி, அப்பறம் தனியார் நிலத்துல நுழைஞ்சு நில உரிமையாளர் எழுத்துல கேட்டா அது. இந்த மூணுல எதுலயும் வராத ஒரு கழுதையால தான் இந்தக் கேஸே.

முன்னாடியே தெரிஞ்ச விஷயங்க

ஜூன் கடைசில இருந்தே அந்தக் கணவாய் ரோட்டுல ஒரு கூட்டம் சாயங்காலமானா கீழ எறங்கறதை ஆளுங்க சொல்லிட்டிருந்தாங்க. மூணு பெட்டை, ரெண்டு குட்டி, ஒரு வயசு தாண்டின ஒண்ணு, கொஞ்சம் தள்ளியே வர்ற ஒரு எளந்தாரி ஆண். மலைல புல்லு சுத்தமா காஞ்சு போச்சு, கீழ வீட்டு லான்ல தண்ணி பாய்ச்சறாங்க, அதனால எறங்கறது இயல்பு தான். ஆனா இந்தக் கூட்டம் லானைத் தாண்டி ரோடு வளைவுல கார் ஒதுக்கி நிறுத்தற எடத்துலயே நின்னுட்டிருந்துச்சு. ஏன்னு போய் பாத்தா மண்ணுல கேரட் துண்டும் ரொட்டித் துண்டும் கெடந்துச்சு. காருக்குள்ள உக்காந்தபடி கண்ணாடியை எறக்கித் தீனி குடுக்கறாங்க, குழந்தைங்களை வெச்சு போட்டோ எடுக்கறாங்க.

இது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு குடுக்கறவங்களுக்குத் தெரியல, பாசத்துல தான் குடுக்கறாங்க. கழுதைக்கு ஹெட்லைட் வெளிச்சம்னா சாப்பாடுன்னு மனசுல பதிஞ்சிடும். அதுவும் இல்லாம குதிரை மாதிரி பயந்தா உடனே ஓடற பிராணி இல்ல இது, பயந்தா மொதல்ல அப்படியே நின்னுடும், நின்னு யோசிக்கும். மலைல பூமாங்கற மலைச்சிங்கம் வந்தா அது சரியான புத்தி, 50 மைல் வேகத்துல கார் வந்தா அது சாவு.

வளைவுக்கு பக்கத்துல ரிட்டயர் ஆன டீச்சர் ஒருத்தர் வீடு, பழைய குதிரைப் பட்டி ஒண்ணு அவங்க கிட்ட காலியா இருந்துச்சு. அவங்க தான் எங்களுக்கு போன் பண்ணிச் சொன்னவங்க. நாங்க கவுண்டிக்கு எழுதினோம், தீனி குடுக்காதீங்கன்னு போர்டு வெக்கறதா பதில் வந்துச்சு. போர்டு வர்றதுக்குள்ள விபத்து வந்துடுச்சு.

அன்னிக்கு ராத்திரி

ஜூலை கடைசி, ராத்திரி ஒன்பது தாண்டி டீச்சர் கிட்ட இருந்து போன். ஒரு பிக்கப் ட்ரக் பெட்டைக்கழுதை ஒண்ணை அடிச்சிடுச்சு, ஓட்டினவருக்கு அடி இல்ல, அவரே நிறுத்திட்டு அழுதுட்டு நிக்கறார்னாங்க. கழுதை ரோட்டோரம் விழுந்து கெடக்கு, அதோட குட்டி பக்கத்துலயே நிக்குது, மத்ததுங்க ரோட்டு நடுவுல நிக்குது, நகர மாட்டேங்குது.

அந்த வளைவு எந்தக் கவுண்டின்னு தெளிவா சொல்ல முடியாத எடம். ரெண்டு பக்கமும் மாறி மாறி போன் பண்ணி, யாரோட ஆஃபீசர் வரணும்னு முடிவாகவே முக்கால் மணி நேரம் கிட்ட போயிடுச்சு. இதுல எந்த ஒரு ஆளையும் குத்தம் சொல்ல முடியாது, போன் எடுத்தவங்க எல்லாரும் உதவணும்னு தான் பாத்தாங்க. எந்த மைல் கல்லுல இருந்து எந்த மைல் கல்லு வரைக்கும் யாரு வரணும்னு ஒரு பேப்பர்ல எழுதி எல்லாரு கிட்டயும் இருந்திருந்தா அந்த முக்கால் மணி நேரம் மிச்சம், அந்தப் பெட்டைக்கு வலியும் மிச்சம்.

மொதல்ல வந்தது ஷெரிஃப் டெபுடி, அதாவது கவுண்டி போலீஸ்காரர். அவர் சைரன் அடிச்சு கூட்டத்தை மலைப்பக்கம் விரட்டிட்டு ரோட்டைத் திறக்கலாம்னு பாத்தார், நியாயம் தான், ராத்திரில வளைவுல வண்டிங்க நிக்கறது அவருக்குக் கவலை. எங்க சாங்ச்சுவரி (கழுதைக் காப்பகம்) மேனேஜர் அம்மா அதை வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. விரட்டினா கழுதைங்க எந்தப் பக்கம் ஓடும்னு தெரியாது, இருட்டுல கீழ்ப்பக்க ரோட்டுலயே ஓடினா ரெண்டாவது விபத்து. குட்டியும் கூட ஓடிடும், அப்பறம் அதைத் தேடிப் பிடிக்கறது நடக்காத காரியம். அதனால ரெண்டு பக்கமும் வண்டியைக் குறுக்க நிறுத்தி, ஹெட்லைட்டை அணைச்சு, ஹசார்டு லைட் மட்டும் எரியவிட்டு காத்திருந்தோம். டெபுடி ஒத்துக்கிட்டார், அந்த ராத்திரில எங்களுக்குக் கெடச்ச பெரிய உதவி அது.

அனிமல் கண்ட்ரோல் ஆஃபீசரும், வெட்னு நாங்க சொல்ற கால்நடை டாக்டரும் ஏறக்குறைய ஒண்ணா வந்தாங்க. பெட்டைக்கு பின்னங்கால் எலும்பு முறிஞ்சு தோலைக் கிழிச்சு வெளிய தெரிஞ்சுது. வலி காட்டாம அமைதியா படுத்திருந்துச்சு, காது மட்டும் பின்னாடி மடிஞ்சிருந்துச்சு, மூச்சு வேகமா இருந்துச்சு. கழுதை வலியை மறைக்கற பிராணி, பாக்கறவங்க பரவால்ல போலிருக்கேன்னு நெனச்சுடுவாங்க. வெட் பத்து நிமிஷம் கூட எடுத்துக்கல. நல்லா வளர்ந்த கழுதைக்கு அந்த எடத்துல எலும்பு வெளிய வந்த முறிவுன்னா, அதுவும் மனுஷன் கை படாத காட்டுப் பிராணிக்கு, சரி பண்ண வழியில்லன்னு சொல்லிட்டார். ஆஃபீசர் கையெழுத்து போட்டார். மயக்க ஊசி மொதல்ல, அப்பறம் கடைசி ஊசி.

அடுத்த கேள்வி உடலை என்ன பண்றதுங்கறது. அந்த ஊசி மருந்து உடம்புலயே தங்கும், மலைல விட்டா அதைத் தின்னற கொயோட்டியும் (நரி மாதிரி ஒரு மிருகம்) கழுகும் சாகும், அதனால கண்டிப்பா எடுத்தாகணும். ஆனா உடனே லாரில ஏத்திட்டா குட்டி என்னாகும்? கழுதைங்க கூட இருக்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச நடைமுறை ஒண்ணு உண்டு, ஜோடியில ஒண்ணு செத்தா மத்ததை அந்த உடல் கிட்ட கொஞ்ச நேரம் விடணும், அதுவா மோந்து பாத்து விலகிப் போற வரைக்கும். இல்லன்னா நாள் கணக்கா தேடும், கத்தும், சாப்பிடாது. ரோட்டோரத்துல அதுக்கு எடமில்ல. டீச்சர் தன் பட்டியைத் திறந்து விடறேன்னாங்க.

பெரிய பிளாஸ்டிக் பலகை மேல உடலை நகர்த்தி வெச்சு, கயிறு கட்டி, பிக்கப்ல ரொம்ப மெதுவா பட்டி வரைக்கும் இழுத்தோம். குட்டியை யாரும் தொடல, ஓட்டவும் இல்ல. அது தாயோட முதுகுல மூக்கை வெச்சபடியே கூட நடந்து வந்துச்சு. பின்னாடி கொஞ்ச தூரம் விட்டு இன்னொரு பெட்டையும் வந்துச்சு, மூணுல வயசானது, ஒரு காது நுனி கிழிஞ்சிருக்கும், என் நோட்டுல நான் பெரியம்மான்னு எழுதி வெச்சிருந்தது அதைத் தான். அது பட்டிக்குள்ள வந்து தாயோட முகத்தை மோந்துட்டு குட்டிக்கும் எங்களுக்கும் நடுவுல நின்னுச்சு. குட்டி ரெண்டு தடவை தாய் மடியில வாய் வெச்சுப் பாத்துச்சு. பட்டியை அடைக்கற வேலிப் பேனலை மூடினோம்.

குட்டியை மட்டும் எடுத்துப் போன முடிவு

விடியக்காலைல உடலை எடுக்க வண்டி வரணும், வெயில் ஏறினா 100 டிகிரி தாண்டும். குட்டியை சாங்ச்சுவரிக்குக் கொண்டு போறது உறுதி, சுமார் நாலு மாசம் இருக்கும்னு வெட் சொன்னார், புல் கடிக்கும் ஆனா பால் இன்னும் விடல, மலைல தனியா விட்டா பொழைக்காது. கேள்வி பெரியம்மா தான். மேனேஜர் அம்மா ரெண்டையும் சேத்து எடுக்கணும்னு கேட்டாங்க. ஆஃபீசர் ஒப்பந்தத்தைத் திறந்து பாத்தார். பெரியம்மாவுக்குக் காயமில்ல. அது தாய் இல்லாத குட்டியும் இல்ல. தனியார் நிலத்துல நுழைஞ்சது தான், ஆனா நாமளே பேனல் போட்டு அடைச்சோம், நில உரிமையாளர் தொந்தரவுன்னு எழுத்துல கேக்கல. காயமில்லாத காட்டுக்கழுதையை எடுத்தா அது சட்டவிரோதமா பிடிச்சதா ஆகலாம்னு அவர் தயங்கினார்.

அந்தத் தயக்கம் சரியானது தான்னு நான் இன்னிக்கும் சொல்வேன். காட்டுல நல்லா வாழற ஒரு பிராணியை மனுஷனோட சௌகரியத்துக்காக எடுக்கக் கூடாதுங்கறது தான் அந்த சட்டத்தோட உயிர். அதுவும் அது கூட்டத்துல மூத்தது, தண்ணி எங்க இருக்கு எந்த வழி போகணும்னு மத்ததுங்களுக்கு காட்டறது பெரும்பாலும் மூத்த பெட்டை தான், அதை எடுத்தா மிச்சம் இருக்கறதுங்க தடுமாறும்ங்கற வாதமும் வந்துச்சு. விடியறதுக்கு முன்னாடி பேனலைத் திறந்தோம், பெரியம்மா உடனே போகல, தீனி காட்டி வெளிய வரவெச்சு பின்னாடி அடைச்சோம். குட்டி ட்ரெய்லர்ல ஏறினப்ப ரெண்டும் கத்தின கத்தலை நான் எழுத விரும்பல.

அடுத்த நாலு நாள்

சாங்ச்சுவரில புதுசா வர்ற எதையும் மூணு வாரம் தனியா வெக்கறது வழக்கம், தொண்டைல சீழ் கட்டற நோய் மாதிரி தொத்து வேற மிருகங்களுக்குப் பரவாம இருக்க. அதனால குட்டி தனி ஷெட்ல. எதிர் ஷெட்ல ஒரு வயசான சாந்தமான கழுதையைக் கண்ணுக்குத் தெரியற மாதிரி கட்டினோம், துணைக்குன்னு. அது வேலைக்காகல. குட்டி அதைப் பாக்கவே இல்ல, கதவுப் பக்கம் திரும்பி நின்னுட்டே இருந்துச்சு. பால் பவுடர் கரைச்ச வாளியை மோந்துட்டு விட்டுடுச்சு. மொத நாள் ஒரு வாய் வைக்கோல் கடிச்சுது, ரெண்டாம் நாள் அதுவும் இல்ல.

கழுதை விஷயத்துல சாப்பிடாம இருக்கறதுன்னா சோகமா இருக்கு, ரெண்டு நாள்ல சரியாயிடும்னு விடற விஷயம் இல்ல. இதைக் கழுதை வெச்சிருக்கற எல்லாரும் தெரிஞ்சுக்கணும். பட்டினி கெடந்தாலோ மனசு ஒடிஞ்சாலோ உடம்பு சேத்து வெச்ச கொழுப்பை மொத்தமா ரத்தத்துல எறக்கும், கல்லீரல் அதைத் தாங்காது, ஈரல் கெட்டு சில நாள்ல செத்துடும். ஹைப்பர்லிபீமியான்னு பேரு. குண்டான கழுதைக்கும் சினையா இருக்கறதுக்கும் ரொம்ப ஆபத்து, ஆனா குட்டிக்கு வராதுன்னு இல்ல. குதிரை டாக்டருங்க சில பேரு கூட இதை லேட்டா தான் சந்தேகப்படுவாங்க.

மூணாம் நாள் காலைல வெட் ரத்தம் எடுத்தார். ட்யூபை நிமிர்த்தி வெச்சு ரத்தம் கீழ படிஞ்சதும் மேல நிக்கற தெளிவை வெளிச்சத்துல பாத்தார். வைக்கோல் கலர்ல கண்ணாடி மாதிரி இருக்கணும், பால்ல தண்ணி ஊத்தின மாதிரி வெள்ளையா இருந்துச்சு. லேப் ரிப்போர்ட் வரணும்னு கூட காத்திருக்கல, மூக்கு வழியா குழாய் விட்டு குளுக்கோஸும் பாலும் எறக்க ஆரம்பிச்சுட்டார். ட்ரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பு அளவு 500 தாண்டினா நெலமை மோசம்னு அர்த்தம், ரிப்போர்ட் வந்தப்ப அதைத் தாண்டித் தான் இருந்துச்சு. வலி மருந்தும் குதிரைக்குக் குடுக்கற இடைவெளில குடுத்தா பத்தாது, கழுதை உடம்பு அதைச் சீக்கிரம் கரைச்சு வெளிய தள்ளிடும்னு சொல்லி நேரத்தை நெருக்கி எழுதினார். குழாய்ல போறது உயிரைப் பிடிச்சு வெக்கும், ஆனா இது தானா சாப்பிட்டா தான் பொழைக்கும்னார்.

அதே சாயங்காலம் டீச்சர் போன் பண்ணாங்க. பெரியம்மா ரெண்டு ராத்திரியா பட்டி வெளிய வந்து நிக்குது, உள்ள பாத்துக் கத்துது, நேத்து வேலி ஒரு பக்கம் சாஞ்சதால உள்ளயே வந்துடுச்சு, உடல் கெடந்த எடத்துல நின்னுட்டிருக்கு, பக்கத்துல இருக்கற ரோடு நெனச்சா பயமா இருக்குன்னாங்க.

மாத்தி எடுத்த முடிவு

இப்ப நெலமை வேற. கழுதை தானா தனியார் நிலத்துக்குள்ள நுழைஞ்சிருக்கு, யாரும் அடைக்கல. வேலி உடைஞ்சிருக்கு. ரோட்டை ஒட்டி ராத்திரி ராத்திரி நிக்குது. நில உரிமையாளர் எழுத்துல கேட்டா ஒப்பந்தத்தோட மூணாவது வகை பொருந்தும். நான் டீச்சருக்கு ஃபார்மை அனுப்பினேன், அவங்க உண்மையை உண்மையாவே எழுதினாங்க: வேலி சேதம், விபத்து பயம், இதை எடுத்து அதோட கூட்டத்துக் குட்டியோட சேக்கணும்னு வேண்டுகோள். வெட் ரத்த ரிப்போர்ட்டோட ஒரு பக்கக் கடிதம் குடுத்தார், குட்டி சாப்பிட மறுக்கறதுக்குக் காரணம் பிரிவுன்னு நெனைக்கறேன், பழகின கழுதை ஒண்ணு தேவைன்னு. ஆஃபீசர் மேலதிகாரி கிட்ட போய் அனுமதி வாங்கினார். விபத்து ராத்திரி தயங்கின அதே மனுஷன் தான் மறுநாள் லீவு நாளா இருந்தும் வந்து நின்னார், இதைச் சொல்லியே ஆகணும்.

பிடிக்கறது கஷ்டமா இல்ல. பட்டிக் கதவைத் திறந்து வெச்சு, குட்டி படுத்த வைக்கோல் ஒரு கட்டை ஷெட்ல இருந்து கொண்டு வந்து உள்ள பரப்பினோம். இது மேனேஜர் அம்மாவோட யோசனை. பெரியம்மா உள்ள வந்து அதை மோந்துட்டு நின்னுச்சு, ஒருத்தர் மெதுவா கதவை மூடினார். ஒரே கூட்டத்துல இருந்து வந்ததுங்கறதால தொத்து பயமும் இல்ல, நேரா குட்டி ஷெட்டுக்கே கொண்டு போனோம்.

ட்ரெய்லர் கதவு திறந்தப்ப கத்தல் எதுவும் இல்ல. பெரியம்மா உள்ள போய் குட்டியோட கழுத்துலயும் வயித்துலயும் மோந்துச்சு. குட்டி அதோட மடியில தலையை முட்டிச்சு, அங்க பால் இல்ல, பெரியம்மா விலக்கவும் இல்ல. கொஞ்ச நேரத்துல பெரியம்மா தொட்டில இருந்த பார்லி வைக்கோலை மெல்ல ஆரம்பிச்சுது, குட்டி அதோட வாயோரம் தொங்கின ஒரு தண்டை இழுத்துக் கடிச்சுது. வெட் கடிகாரத்தைப் பாத்துக் குறிச்சுக்கிட்டார், சேத்து வெச்சு ஒரு மணி நேரம் கூட ஆகல.

பின்ன நடந்தது

குழாய் இன்னும் ரெண்டு நாள் இருந்துச்சு, அப்பறம் எடுத்துட்டாங்க. ஒரு வாரத்துல ரத்தத்துல தெளிவு வந்துச்சு. பெரியம்மாவுக்கு சோதனை பண்ணப்ப சினைன்னு தெரிஞ்சுது, கழுதைக்கு சினைக்காலம் சுமார் பன்னெண்டு மாசம், அது ஆரம்பத்துலயே இருந்துச்சு. இதனால எனக்கு மனசுக்குக் கஷ்டமாவும் இருந்துச்சு, மலைல பொறக்க வேண்டிய ஒரு உயிர் வேலிக்குள்ள பொறக்கப் போகுது. அதே நேரம் சினைக் கழுதை ராத்திரி ராத்திரி ரோட்டோரம் நின்னு சாப்பிடாம குட்டியைத் தேடிட்டிருந்தா அதுக்கே அந்த ரத்தக் கொழுப்பு நோய் வந்திருக்கும்னு வெட் சொன்னார், அது உண்மை. அடுத்த கோடைல குட்டி போட்டுச்சு, பெட்டைக்குட்டி, நல்லா இருக்கு.

மொதக் குட்டி ஆண். ஒரு வயசுக்கு முன்னாடி விதை நீக்கியாச்சு. ரெண்டையும் எந்த நாளும் பிரிக்கக் கூடாதுன்னு ஃபைல்ல எழுதிட்டோம், தத்து குடுத்தா மூணும் சேந்து தான் போகும், அதனால யாரும் எடுத்துக்க வரல, சாங்ச்சுவரிலயே இருக்கட்டும்னு விட்டாச்சு. அதுக்கான செலவு வாழ்நாள் செலவு. கழுதை முப்பது வருஷம் வரைக்கும் இருக்கும், குளம்பு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை சீவணும், பல் பாக்கணும், ஊசி போடணும். வீடியோ பாத்து உருகி ஒரு தடவை நன்கொடை குடுக்கறவங்க நிறைய பேரு, மாசா மாசம் கொஞ்சமா குடுக்கறவங்க கம்மி. எந்த அமைப்பையும் நிக்க வெக்கறது அந்த ரெண்டாவது ஆளுங்க தான்.

மலைல மிச்சம் இருந்தது ஒரு பெட்டை, அதோட குட்டி, ஒரு வயசு தாண்டினது, அந்த ஆண். பெரியம்மா போனதும் தடுமாறும்னு பயந்தோம், ரெண்டு மூணு வாரம் காணவே இல்ல, அப்பறம் மலைக்கு மேற்குப் பக்கம் வேற ஒரு கூட்டத்தோட சேந்து திரியறதை ஒருத்தர் போட்டோ எடுத்து அனுப்பினார். ஆண் மட்டும் வளைவுக்கே வந்துட்டிருந்துச்சு. அக்டோபர்ல அதே ரோட்டுல வேற ஒரு கார் அதை அடிச்சிடுச்சு, நாங்க போறதுக்குள்ள செத்துடுச்சு. தீனி குடுக்காதீங்கன்னு போர்டு அப்ப வந்தாச்சு, ஆனா போர்டுக்குக் கீழயே கேரட் கெடந்துச்சு.

மாத்தினதும் மாத்த வேண்டியதும்

ஒப்பந்தம் அந்த வருஷக் கடைசில புதுப்பிக்கறப்ப நாலாவது வகை சேந்துச்சு. தாய் இறந்த குட்டியை எடுக்கறப்ப, அந்தக் குட்டியை விட்டு நகராம நிக்கற ஒரே ஒரு பெரிய கழுதையை, வெட் எழுத்துல சொன்னா, ஆஃபீசர் அங்கயே கூட எடுக்கலாம். ஒண்ணே ஒண்ணுன்னு நாங்களே கேட்டு எழுத வெச்சோம், ஏன்னா இந்த வரியை வெச்சு யாரும் கூட்டம் கூட்டமா மலையைக் காலி பண்ணிடக் கூடாது. காயமில்லாத கழுதையோட எடம் மலை தான், அதுல எங்களுக்கு சந்தேகமே இல்ல.

ரோட்டை மைல் கல் வாரியா பிரிச்சு எந்தப் பக்கம் யாரு வரணும்னு ஒரே பக்கத்துல வரைஞ்சு ரெண்டு கவுண்டிக்கும் ஷெரிஃப் ஆஃபீசுக்கும் குடுத்தோம், டெபுடிங்களோட பேட்ரோல் கார்ல அது இருக்கு. ராத்திரி லிஸ்டுல ட்ரெய்லர் ஓட்டறவங்க, பேனல் வெச்சிருக்கறவங்க, பட்டியைத் திறந்து விடத் தயாரா இருக்கற வீட்டுக்காரங்கன்னு மூணு வரிசை. இதுல மூணாவது வரிசை தான் எதிர்பாக்காம ரொம்ப உபயோகமா இருக்கு, அந்தக் கணவாய்ல மட்டும் இப்ப நாலு வீடு சேந்திருக்காங்க. சாப்பிடாத கழுதைக்கு ரத்தம் எடுக்க மூணாம் நாள் வரைக்கும் காத்திருக்கறதில்ல, புதுசா வந்தது ஒரு நாள் முழுக்க வாய் வெக்கலன்னாலே எடுக்கணும்னு ஷெட் கதவுலயே ஒட்டியாச்சு.

முடியாம நிக்கறது தண்ணி விஷயம். கழுதைங்க கீழ எறங்கறதுக்கு மூல காரணம் அது தான். மலைக்கு அந்தப் பக்கம், ரோட்டுல இருந்து நல்ல தூரத்துல, கோடைக்கு மட்டும் ஒரு தொட்டி வெச்சு லாரில தண்ணி ஊத்தலாம்னு திட்டம் போட்டு எழுதிக் குடுத்திருக்கோம். நிலம் ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனியோடது, யாராவது விழுந்து அடிபட்டா பொறுப்பு யாருதுன்னு அவங்க வக்கீல் கேக்கறார், கேக்கறது நியாயம், இன்ஷூரன்ஸ் எடுக்கற செலவை எங்க கூட யாரு பகிர்ந்துக்கறதுன்னு தான் இப்ப கவுண்டியோட பேசிட்டிருக்கோம். வளைவுல கார் ஒதுங்கற எடத்தை பாறை போட்டு அடைச்சுடுங்கன்னும் கேட்டிருக்கோம், அதுக்கு ரோடு டிபார்ட்மெண்ட் அளந்துட்டுப் போயிருக்காங்க, அடுத்த கோடைக்குள்ள முடிஞ்சா நல்லது.